கணக்குக் கேட்ட கல்வெட்டு

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் உத்திரமேரூர் வரும். செங்கற்பட்டிலிருந்தும் பேருந்துகள் உண்டு. ஊரை நெருங்கும்போது ஏரிக்கரையும் பனைமரங்களும் நெல் வயல்களும் நம்மை எதிர்கொள்ளும். பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய இவ்வூர், சோழர் காலக் கல்வெட்டுகளால் உலகப் புகழ் பெற்றது. இதனை அடுத்த சிற்றூர் ஒன்றில், முன்னோர் விட்டுச் சென்ற ஓட்டு வீட்டில் நாங்கள் இருவரும் வாழ்ந்து வருகிறோம். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. மற்றவர் அஞ்சலக எழுத்தர். இருவரும் ஓய்வு பெற்று, 2017-ஆம் ஆண்டில் இங்குக் குடிவந்தோம்.

பல்லாண்டு பூட்டிக் கிடந்த வீடு அது. 2015-ஆம் ஆண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாவட்டத்தை வாட்டிய பெருமழை அதனையும் விட்டுவைக்கவில்லை. நாட்டு ஓடுகள் நழுவிக் கிடந்தன. பனங்கைகள் சில கறையானுக்கு இரையாகியிருந்தன. சுவர்களின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்" என்றனர் பலர். எங்களுக்கு மனம் வரவில்லை. பழுது பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

முதலில் ஒரு தவறு செய்தோம். அவசரப்பட்டுச் சுவரின் அடிப்பகுதிக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசினோம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதன் காரணத்தை முதிய கொத்தனார் ஒருவர் எடுத்துரைத்தார். செங்கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். பின்னர் அதனைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு பூச்சையே தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்திற்கு வழிவிடும்.

பிறகு முற்றத்தின் ஓரத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றினோம். சலித்த மணலுடன் அதனைச் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிப் பதமாக அரைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக மாறுகிறது. ஆகவே அதற்குப் பொறுமை வேண்டும். நல்ல நாட்டு ஓடு கிடைப்பது அரிதாகிவிட்டதால் முன்கூரைக்கு மட்டும் மங்களூர் ஓடு வேய்ந்தோம். 1865-இல் பாசல் மிஷன் சபையார் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து தென்னாடெங்கும் பரவிய ஓடு அது. திண்ணையும் முற்றமும் பழைய அழகைப் பெற்றன.

இதனோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆசை விடவில்லை. எங்களுக்கு மக்கள் மூவர். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். "நகரத்து வசதிக்குப் பழகிய பிள்ளைகள், இங்கே வந்தால் எங்கே தங்குவார்கள்?" என்று நாங்களே கேட்டு நாங்களே விடையும் கண்டோம். பின்கட்டில் முன்னரே கான்கிரீட் தளம் இருந்தது. அதன்மேல் குளியலறையோடு கூடிய பெரிய அறை ஒன்றை எழுப்பினோம். செலவு 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். முதுமைக்கென்று வைத்திருந்த வைப்புத் தொகையின் பெரும் பகுதி அதில் கரைந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. "ஏதோ கொஞ்சம் ஆயிற்று" என்று மழுப்பிவிட்டோம்.

எங்கள் குளியலறையோ பழையபடியே கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் இருந்தது. இரண்டு படி இறங்கி, பாசி படிந்த கல்லின்மேல் நடந்து செல்ல வேண்டும். அதனைச் செப்பனிடக் கையில் பணமில்லை. ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில் எங்களுள் ஆசிரியையாக இருந்தவர் அங்கே வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "முற்றத்தில் கால் இடறிவிட்டது" என்றே பிள்ளைகளுக்குத் தெரிவித்தோம். முதற் பொய்யைக் காக்க இரண்டாம் பொய் தேவைப்பட்டது!

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூவரும் குடும்பத்தோடு வந்தார்கள். மாடியறைக்குப் புதுப் பாய்களும் போர்வைகளும் வாங்கி வைத்திருந்தோம். நடந்ததென்ன? பெட்டிகள் மட்டுமே மாடி ஏறின. பிள்ளைகளும் பெயரர்களும் கூடத்திலேயே வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தார்கள். "மாடியில் தனியே என்ன செய்வது, பாட்டி?" என்றாள் பெயர்த்தி. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் அனைவரையும் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். எங்கள் வீட்டிற்கு வரும் விருந்தினர் எவரும் அதனைக் காணாமல் திரும்புவதில்லை. பழைய ஊர்ச் சபை மண்டபத்தின் சுவர்களில் முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியையும் தோட்டங்களையும் பொன்னையும் கண்காணிக்கும் வாரியங்கள் இவ்வாறே அமைந்தன.

தகுதிகளை ஒவ்வொன்றாக விளக்கினோம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்தல் வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். "பெண்களுக்கு இடமில்லையா, மாமா?" என்றாள் மருமகள். இல்லைதான். நிலமுடைய, மறை கற்ற ஆடவர்க்கே உரிய சபை அது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

பெயர்த்தி விரல்விட்டு எண்ணினாள். "தாத்தாவுக்குச் சொந்த வீடு உண்டு, வயது 68, இன்னும் இரண்டு ஆண்டு மீதம் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?"

"வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படாது. அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படாது" என்றோம்.

"அப்படியானால் தாத்தா கணக்குக் காட்டாவிட்டால் அப்பாவுக்கும் இடமில்லையா?" என்று அவள் நகைத்தாள். எல்லோரும் நகைத்தார்கள். எங்கள் இருவருக்கு மட்டும் நகைப்பு வரவில்லை.

அன்று இரவு கூடத்தில் கணக்கு நோட்டை எடுத்து வைத்தோம். ஓட்டுக்கு, சுண்ணாம்புக்கு, கொத்தனார் சித்தாள் கூலிக்கு, மாடியறைக்கு என்று எல்லாம் அதில் இருந்தன. மணிக்கட்டு முறிந்த உண்மையையும் சொன்னோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. மூத்த மகன் முகம் வாடிற்று. "எங்களுக்காகக் கட்டினீர்கள், அப்பா, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே? அம்மா விழுந்ததைக்கூட மறைத்துவிட்டீர்களே" என்று சொல்லி எழுந்து திண்ணைக்குச் சென்றுவிட்டான். கோபமாக இருந்தால் தாங்கியிருப்போம், அது வருத்தம். அவன் அன்னை சென்று அருகில் அமர்ந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை கணக்கில் ஏறவில்லை.

விடிந்ததும் அவன் அளவு நாடாவோடு நின்றான். கூடத்தை ஒட்டிய சாமான் அறையைக் குளியலறையாக்குவதென்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். படியில்லாத வாயில், வழுக்காத சொரசொரப்பான தளம், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் உறுதியான கம்பி, உள்ளே எவரேனும் விழுந்தாலும் தடைபடாதபடி வெளிப்புறம் திறக்கும் கதவு, இரவில் எரியும் சிறு விளக்கு. தை மாதத்தில் வேலை முடிந்தது. செலவு 85 ஆயிரம் ரூபாய். மாடியறைக்கு ஆனதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை!

மாடியறையை மாதம் ஒருமுறை பெருக்கிப் பூட்டுகிறோம். அதற்கான படிகளில் ஏற முழங்கால் மறுக்கிறது. ஒவ்வொரு முறையும் அது எங்கள் அறியாமையை நினைவூட்டுகிறது. வருகிறவர்களுக்காக வீடு கட்டினோம். வாழ்கிறவர்களுக்காகக் கட்ட மறந்தோம். வருகிற பிள்ளைகளோ, நாங்கள் நலமாக நடமாடும் வீட்டையே நாடி வருகிறார்கள். கூடத்தில் ஒரு பாய் அவர்களுக்குப் போதும்.

ஓய்வுக் காலத்தில் வீட்டைச் செப்பனிட எண்ணும் பெரியோர்களே, செங்கல் வாங்குமுன் பிள்ளைகளோடு அமர்ந்து கணக்கைப் பேசுங்கள். உங்கள் குளியலறையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். உத்திரமேரூர்ப் பக்கம் வந்தால் அக்கல்வெட்டைக் காணத் தவறாதீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் அது கணக்குக் கேட்கிறது.