ஒரு சொல், இரு முயல்கள்

தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எங்களை ஒரு தமிழ்ச் சொல்லே ஏமாற்றியது. தேவாரத்தில், ஏலமலை அடிவாரத்துக் காடுகளில் ஓடுவதும் முயல். மகளுக்காக வாங்கிவந்த வெள்ளை இணையும் முயல். முன்னது வளை தோண்டாது. வெட்டவெளியில் புல்லுக்குள் பதுங்கும். பின்னதற்கும் காற்றும் வெளிச்சமும் போதுமென்று திண்ணையில் கம்பிவலைக் கூண்டு வைத்தோம். கம்பித் தரை ஒன்றின் பின்னங்காலைப் புண்ணாக்கியது. புண் புரையோடி அது இறந்தது.

பிறகே அறிந்தோம்: வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின் பக்கத்து வளைவாசி, விலங்கியலில் இது வேறு பேரினம். அதற்கு வேண்டியது இருட்டும் மறைவும்.

எஞ்சியதை வீட்டுக்குள் சேர்த்தோம். அட்டைப்பெட்டியில் வளையைப்போல் இரண்டு வாசல் வெட்டிச் சாக்கு விரித்தோம். சிறுநீருக்கு அதுவே ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டது. அங்கே அகன்ற பிளாஸ்டிக் தட்டில் செய்தித்தாளும் வைக்கோலும் பரப்பினோம். தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. ஆகவே உலர்புல்லைத் தட்டின் ஓரத்திலேயே வைத்தோம். தட்டைக் கழுவும்போது நனைந்த வைக்கோலில் ஒரு பிடியைத் திரும்ப இட்டோம், வாசனை வழிகாட்டும். பத்து நாளில் பழகிவிட்டது.

“ஒரு முயலுக்கு எதற்கு இரண்டு வாசல்?” என்றாள் மகள். விடை தெரிந்தும் பேசாதிருந்தோம்.