ஒருமுறைதான் எண்ண முடியும்!

பின்லாந்தின் மேற்குக் கரையில் ரவுமா என்றொரு சின்ன ஊர். வண்ணம் பூசிய மர வீடுகளும் கல் பாவிய தெருக்களுமாக, யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த ஊர். வருகிறவர்கள் இங்கே புகழ்பெற்ற லேஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் வடக்கே போனால் ஒல்கிலுவோட்டோ தீவு. பைன் மரங்கள், அமைதியான கடல், மூன்று அணு உலைகள். அதிசயம் இவற்றுக்குக் கீழே, பாறைக்குள் இருக்கிறது.

பெயர் ஒன்கலோ. பின்னிஷ் மொழியில் பொந்து என்று பொருள். 2004-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். சுமார் 190 கோடி ஆண்டு வயதான பாறையைக் குடைந்து, 400 மீட்டருக்கும் கீழே போகிறது பாதை. உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளைச் செம்புப் பெட்டியில் அடைத்து, இங்கே குழியில் இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணை அடைத்து மூடிவிடுவார்கள். லட்சம் ஆண்டுகள் அப்படியே கிடக்க வேண்டும்.

'குப்பைதானே, புதைத்தால் என்ன?' என்று நினைக்காதீர்கள். அந்தக் குப்பையில் ஏறத்தாழ 1 சதவீதம் புளுட்டோனியம். ஓர் அணுகுண்டுக்கு 8 கிலோ போதும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. அதனால்தான் உலகெங்கும் முகமையின் ஆய்வாளர்கள் அணு உலைகளுக்கு வந்து, எரிபொருளை எண்ணிச் சரிபார்த்துப் போகிறார்கள். ஆனால், பாறைக்குள் மூடியதை மறுபடி எப்படி எண்ணுவது?

வீடு கட்டும்போதே ஒயருக்குப் பைப் பதிக்காவிட்டால் என்ன ஆகும்? பூசி முடித்த சுவரைக் கொத்தவேண்டி வரும். இங்கே கொத்தவும் வழியில்லை. எனவே வரைபடம் தயாராகும்போதே முகமையும் ஐரோப்பிய ஆணையமும் பின்லாந்து அரசும் கட்டுகிற நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசின. கேமரா எங்கே, முத்திரை எங்கே, எந்த வழியாகப் பெட்டி நகரும் என்பதெல்லாம் அப்போதே பேசவேண்டிய விஷயங்கள்.

இதற்காகவே ஒரு கருவி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரி, எரிபொருள் கட்டை வெளியிலிருந்தே குறுக்குவாட்டில் படம் பிடிக்கும். உள்ளே ஒரே ஒரு கம்பி குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். முகமை 2017-ல் இதற்கு ஒப்புதல் தந்தது. செம்புப் பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு கட்டும் இப்படிச் சோதிக்கப்பட வேண்டும். அதன்பின் புதைகுழி வரை கண்காணிப்பு அறுந்துபோகக் கூடாது.

எனக்குப் பிடித்தது பாறைக்குக் காது வைத்த சங்கதி. நில அதிர்வைக் கவனிக்கப் பாறையில் நுண்கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் எவரேனும் வெடி வைத்துப் பக்கத்தில் இன்னொரு சுரங்கம் குடைந்தால் அதுவும் கேட்டுவிடும். முகமையோடு முழுக் கண்காணிப்பு ஒப்பந்தத்தை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு பின்லாந்துதான், 1972-லேயே. அத்தனை நல்ல பிள்ளைக்கும் இத்தனை காவல்! அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

சுரங்கத்துக்குள் நம்மைப் போன்றவர்கள் நினைத்தவுடன் இறங்க முடியாது. தீவிலேயே பார்வையாளர் மையம் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் சுரங்க வாயை நிரந்தரமாக மூடுவதாகத் திட்டம். அதற்குப் பிறகும் கண்காணிப்பு முடியாது என்கிறது முகமை. மேலே காடு வளர்ந்திருக்கும். செயற்கைக்கோள் அந்தக் காட்டைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.