பறையை அமுக்காத பேஸ்: கம்பியும் பெட்டியும் வாங்கப் போகும் தோழர்களுக்கு



ஏப்ரல் 14 நெருங்கினால் போதும், மற்ற ஊர் மாணவர் குழுக்களிடமிருந்து எங்களுக்கு ஒரே கேள்வி வருகிறது. "பேஸ் கிட்டார் வாங்கலாம்னு இருக்கோம். எந்தக் கம்பி நல்லது? எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் வேணும்? எவ்வளவு ஆகும்?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எனவே ஆரணியில் நாங்கள் தெரிந்துகொண்டதை மொத்தமாக எழுதி வைக்கிறோம். ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எதற்கு வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அது இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவோம்.

ஏன் சொந்தமாக?

ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். எங்கள் பறைக்குழுவில் எட்டுப் பேர். மூன்று பேர் கூலித் தறியில் உட்காருகிறவர்கள், இரண்டு பேர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், மற்றவர்கள் கல்லூரியில் படிக்கிறவர்கள். ஒவ்வொரு ஆண்டும் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு வாடகை ஒலிபெருக்கிதான். ஊர்த் திருவிழாவுக்கு ஆள் உயரத்துக்குப் பெட்டி அடுக்கித் தருகிற சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர், நாங்கள் போனால் மட்டும், "பெரிய பாக்ஸ் எல்லாம் புக் ஆயிடுச்சுப்பா, குழாய் வேணும்னா எடுத்துட்டுப் போ" என்பார். ஊர்வலம் அவர் கடையைத் தாண்டும்போது பெட்டிகள் வாசலில் அடுக்கியபடியே இருக்கும்.

குழாய் ஸ்பீக்கரில் என்ன குறை என்று கேட்பீர்கள். அறிவிப்பு செய்ய அது போதும். ஆனால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஏறக்குறைய ஒன்றும் வராது. பறையில் அடிக்குச்சி விழும்போது நெஞ்சுக்குள் இறங்குகிற கனம் அதில் காணாமல் போய், தகரம் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். பாடுகிறவரின் குரலில் உடம்பே இருக்காது. நம் கருவியை நாமே அடித்தாலும் அது எப்படிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் பெட்டி வைத்திருக்கிறவர்தான். அதனால்தான் காலனியில் வீடு வீடாக ஏறி வசூல் செய்தோம். 42,000 ரூபாய் சேர்ந்தது. பேஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில் இது: பறைக்கு அடியில் நின்று தாங்க ஒரு நீளமான கீழ்ச்சுரம் வேண்டும். பறையின் அடி ஒரு நொடியில் மறைந்துவிடும். பேஸின் சுரம் நின்று, அடுத்த அடி வரைக்கும் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும்.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட அந்தக் குழுவில் பறையும் சட்டியும் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் சரிசமமாக நின்றன. எங்களைப் போன்ற பல குழுக்களுக்குத் துணிச்சல் வந்தது அங்கிருந்துதான்.

கம்பி: பளபளப்பு வேண்டாம்

பேஸ் கிட்டாரில் வழக்கமாக நான்கு கம்பிகள். மேலிருந்து ஈ, ஏ, டி, ஜி. ஈ கம்பியின் அதிர்வு விநாடிக்கு சுமார் 41 முறை. கடையில் கேட்டால் பெரும்பாலும் 'ரவுண்ட்வவுண்ட்' கம்பியைத்தான் எடுத்துத் தருவார்கள். உள்ளே ஓர் எஃகுக் கம்பி, அதன் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். தொட்டால் அரம் போல வரிவரியாக இருக்கும். ஒலி பளபளவென்று உலோகமாக இருக்கும். தனியாக வாசித்தால் மயக்கும்.

பறையோடு சேர்ந்தால் கதை வேறு. சிண்டுக்குச்சி சாட்டை மாதிரி வெடிக்கும் இடமும், பாடகரின் க, ச, த தெளிவாகக் கேட்க வேண்டிய இடமும், அந்த உலோகப் பளபளப்பு வந்து உட்காரும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றும் முட்டிக்கொண்டால் தோற்பது பாட்டின் சொல். நம் பாட்டில் சொல் கேட்கவில்லை என்றால் பிறகு என்ன இருக்கிறது? ஆகவே 'ஃபிளாட்வவுண்ட்' கம்பி கேளுங்கள். மேலே சுற்றியிருப்பது தட்டை நாடா. தொட்டால் வழவழப்பு, ஒலி உருண்டையாக, கொஞ்சம் மந்தமாக இருக்கும். பறைக்கும் குரலுக்கும் மேலே இடம் விட்டுவிட்டு, கீழே தாங்கி நிற்கும்.

விலை ரவுண்ட்வவுண்டைவிடக் கூடுதல்தான். ஆனால் ரவுண்ட்வவுண்டில் வரியிடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து சில மாதத்தில் ஒலி செத்துவிடும். ஃபிளாட்வவுண்ட் ஆண்டுக்கணக்கில் வரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கையில் காசு இல்லாதவர்களுக்கு இதுதான் சிக்கனம்.

இதற்குச் சாட்சியாக ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். டெட்ராயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக அவர் வாசித்த பேஸுக்கு உலகமே ஆடியது. வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசித்தார். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ஆனால் 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வரும்வரை மோட்டவுன் இசைத்தட்டுகளில் அவர் பெயரே போடப்படவில்லை. அடித்தவன் பெயர் தெரியாமல் அடியை மட்டும் கொண்டாடுவது நமக்குப் புதிதா? நம் தாத்தாக்கள் எத்தனை ஊர் எல்லையில், எத்தனை வாசலில் அடித்தார்கள், எவர் பெயர் எங்கே இருக்கிறது?

கம்பி வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பேஸ் வாசிக்கிறவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை. வழக்கமான பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். சிறிய கைக்கு 30 அங்குல 'ஷார்ட் ஸ்கேல்' வசதி. அதற்கு அந்த அளவுக் கம்பியே வாங்க வேண்டும். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்ற வேண்டிவந்து, கம்பி கெட்டுவிடும்.

குடல், தோல், பட்டு

டபுள் பேஸ் வயலின் குடும்பத்தில் மிகப் பெரியது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அந்த இசைக்குழுவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவி தெரிந்திருக்கும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதற்குக் கம்பி ஆட்டுக் குடலிலிருந்துதான் வந்தது. பிறகுதான் எஃகு பரவலானது. பழைய ஐரோப்பிய இசையைப் பழைய முறையில் வாசிக்கிறவர்கள் இன்றும் குடல் தந்தியைத் தேடிப்பிடித்து, அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

குடலைத் தொட்டுக் கழுவி முறுக்கித் தந்தி ஆக்கினால் அங்கே அது கைவினை. இங்கே தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு. அதே தோல் மிருதங்கமாகி மேடை ஏறினால் தெய்வீகம். மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. மாட்டுத் தோலைப் பற்றி வாய் திறந்தாலே அரங்கம் மூடிக்கொள்ளும் நாடு இது. கருவி வாங்கும் மாணவர்கள், அந்தக் கருவியில் எந்தப் பொருள் இருக்கிறது, அதை யார் கை பதப்படுத்தியது என்று கேட்டுப் பழகுங்கள்.

ஆரணிக்காரர்களாக எங்களுக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 1940-களில் நைலான் வரும்வரை செவ்வியல் கிட்டாரின் கீழ்த் தந்திகளுக்குள்ளே இருந்தது பட்டு இழை. அதன் மேல்தான் உலோகக் கம்பி சுற்றினார்கள். இன்றும் பல பேஸ் கம்பிகளின் இரண்டு முனையிலும் வண்ண நூல் சுற்றியிருக்கும். பெரும்பாலும் செயற்கை நூல்தான், ஆனாலும் அதற்கு இசைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சில்க்'. கூலித் தறியில் உட்காரும் எங்கள் பெரியம்மா அந்த முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பட்டு இல்ல கண்ணு, யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க" என்றார். கடைக்காரரைவிட அவருக்குத்தான் பொருள் தெரியும். ஆனால் அவர் நெய்கிற சேலை எந்தக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்வதில்லை.

டபுள் பேஸ் வாங்க நம்மால் ஆகாது, அதை ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. ஆனால் ஏழைக் கறுப்பின மக்கள் அதற்கு ஒரு மாற்று கண்டார்கள். இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளை போட்டு ஒரு கயிறு கட்டி, மறுமுனையை ஒரு கழியில் கட்டுவார்கள். கழியைச் சாய்த்து இழுத்தால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்று செய்தார்கள். நைலான் கயிறு போட்டதில் விறைப்பாகக் கேட்டது. பெரியம்மா கழிவுப் பட்டு நூலை முறுக்கிக் கொடுத்தார். ஒலி இதமாக வந்தது. செலவு ஒன்றுமில்லை. அறிவியல் பாடமும் சேர்ந்து நடந்தது.

டபுள் பேஸ் என்றால் சார்லஸ் மிங்கஸ் பெயரையும் மறக்க வேண்டாம். 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்கப் படையை அனுப்பினார் ஆளுநர் ஃபாபஸ். மிங்கஸ் அந்த ஆளுநரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு கட்டினார். 1959-இல் வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் சொற்களை விட்டுவிட்டு இசையை மட்டும் போட்டது. மறு ஆண்டு வேறொரு சிறிய நிறுவனத்தில் சொற்களோடு வெளியிட்டார். இசையை எடுத்துக்கொள்வார்கள், சொல்லை வெட்டுவார்கள். இது எல்லா நாட்டுக்கும் பொது.

பெட்டி: வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள்

சாதாரணக் கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகாதீர்கள். கீழ்ச்சுரத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு அதிக தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அதற்காகச் செய்யப்படாத ஸ்பீக்கர் கிழிந்துபோகும். பேஸுக்கென்றே உள்ள பெட்டி வாங்குங்கள். திறந்தவெளிக்கு 15 அங்குலம் ஒன்றோ, 10 அங்குலம் இரண்டோ போதும்.

வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம்தான். அதே 3 டெசிபலை, உணர்திறன் அதிகமுள்ள ஸ்பீக்கர் காசில்லாமல் தரும். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் டெசிபல் எண்ணைப் படியுங்கள். எட்டு ஓம் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் நான்கு ஓம் ஆகும். உங்கள் ஆம்ப் அதைத் தாங்குமா என்று முன்பே பாருங்கள்.

பெட்டியை ஸ்டூல் மேல் ஏற்றாதீர்கள். தரையில், சுவரை ஒட்டி வையுங்கள். தரையும் சுவரும் கீழ்ச்சுரத்தைத் திருப்பி அனுப்பிப் பலப்படுத்தும். ஈ கம்பியின் ஒலி அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அது சந்து திரும்பும், சுவரைத் தாண்டும். எங்கள் பறைச் சத்தம் காதில் விழக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினால் சிண்டுக்குச்சிச் சத்தம் குறையும். பேஸ் குறையாது.

எர்த் விஷயத்தில் விளையாட்டு கூடாது. காலனி வீடுகளில் பல பிளக்குகளில் எர்த் இருக்காது. ஆம்பின் மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டுச் சொருகுகிற பழக்கம் உயிரைக் குடிக்கும். ஈரக் கையில் கம்பி, வாயருகே இரும்பு மைக். முதலில் எர்த், அப்புறம்தான் பாட்டு. மிக்சருக்குப் போகிற வழியில் ஒரு டி.ஐ. பாக்ஸ் போட்டால் இரைச்சலும் குறையும்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் சேரிகளில் இளைஞர்கள் பெட்டியைத் தாங்களே அறுத்து, ஆம்பைத் தாங்களே கட்டித் தெருவில் வைத்தார்கள். ரெக்கே உலகத்துக்குக் கிடைத்தது அந்தத் தெருப் பெட்டிகளிலிருந்து. ரிச்சி தெருவில் பாகங்கள் கிடைக்கின்றன. ஐ.டி.ஐ. படித்த தம்பிகள் நம்மிடம் இருக்கிறார்கள். அடுத்த பெட்டியை நாங்களே செய்யப்போகிறோம்.

கணக்கு

சென்னை அண்ணா சாலைக் கடைகளில் ஒருநாள் முழுக்க வாசித்துப் பார்த்தோம், வாங்கவில்லை. வேலூரில் ஒரு சர்ச் இசைக்குழு பயன்படுத்திய ஷார்ட் ஸ்கேல் பேஸ் 11,000. ஃபிளாட்வவுண்ட் கம்பி 3,200. பழைய ஆம்பும் 15 அங்குலப் பெட்டியும் 19,000. டி.ஐ. பாக்ஸ், கேபிள்கள் 4,000. மொத்தம் 37,200. மீதி 4,800 இரவுப் பள்ளிக்குப் போனது. கணக்கை எழுதிக் காலனிப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

"அந்தக் காசுல புள்ளைங்களுக்கு டியூஷன் வெச்சிருக்கலாமே" என்று கேட்ட பெரியப்பாவுக்கு ஒரு வார்த்தை. அவர் கேள்வி நியாயமானது. சாவு வாசலில் அடிக்க மாட்டோம் என்று பறையையே தூக்கி எறிந்த தலைமுறை அவருடையது. அந்த முடிவின் மேல்தான் நாங்கள் நிற்கிறோம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் அடிக்கிற பறை வேறு, நாங்கள் முடிவு செய்த இடத்தில், நாங்கள் முடிவு செய்த அளவில் கேட்கிற பறை வேறு. பெட்டி சொந்தமானால்தான் அந்த இரண்டாவது பறை சாத்தியம்.

பக்கத்து ஊர்க் குழுக்களுக்கு இந்தப் பெட்டி வாடகை இல்லாமல் கிடைக்கும். எர்த் உள்ள பிளக் மட்டும் காட்டுங்கள்.

ஜெய்பீம்.