திறக்காத குழாய்

பிள்ளைகளை அந்நிய தேசத்துக்கு அனுப்பிவிட்டு, மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் அவர்களுடைய தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோர் அநேகர் இப்பத்திரிகையை வாசிக்கிறீர்கள். அங்கே சென்று திரும்பியவர்கள் சொல்லும் காரியங்களும் உங்களுக்குப் பழக்கமானவைதாம்: அகன்ற சாலைகள், பெரிய கடைகள், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். நான் எழுத வந்தது ஒரு சிறிய தண்ணீர்க் குழாயைப் பற்றி. அதைத் திறக்காமலே திறந்தேன் என்று சொன்னவன் நான்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1978ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தேன். மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை கிடைத்தது. ரயில் பெட்டிகளின் தண்ணீர்த் தொட்டி, குழாய், கழிவறை இணைப்பு ஆகியவற்றைக் கழற்றுவதும் பூட்டுவதுமே ஓய்வு பெறும் நாள்வரை என் பிழைப்பு. குடியிருப்பு தாராவியில். அதிகாலையில் மாநகராட்சித் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் டிரம், குடம், வாளி, குக்கர் பாத்திரம் வரை நிரப்பி வைக்கும் வாழ்க்கை. தண்ணீரைத் தரையில் ஊற்றியவனை எங்கள் வரிசை வீடுகளில் ஒருவரும் மன்னித்ததில்லை. பிற்பாடு நான் செய்த காரியத்துக்கு இது சாக்கு அல்ல. ஆனாலும் என் கை எந்தப் பழக்கத்தில் வளர்ந்தது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மனைவி உயிரோடிருந்த காலத்தில் வாய்க்காத அமெரிக்கப் பிரயாணம், 2022 நவம்பர் தொடக்கத்தில் எனக்குத் தனியே வாய்த்தது. மகன் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே குடியிருக்கிறான். வீட்டுப் பக்கவாட்டில் இருபத்திரண்டு அடி நீளத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று நின்றது. டிராவல் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். அதற்கென்று எஞ்சின் கிடையாது. பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியின் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. சுத்தத் தண்ணீருக்கு 150 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று, சமையல் மற்றும் குளியல் கழிவுக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று என மூன்று தொட்டிகள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு பம்பு தண்ணீரைத் தள்ளும். நம் ரயில் பெட்டியின் தங்கை என்று சொல்லிச் சிரித்தேன். கடன் வாங்கி, ஒருவர் பயன்படுத்தி விற்றதை வாங்கியிருந்தான்.

"டெக்சாஸ் வெயில் பூமி. இங்கே குளிர்காலத்துக்கென்று என்ன ஆயத்தம்?" என்று கேட்டேன். அதற்கு அவன் 2021 பிப்ரவரியைச் சொன்னான். அந்த மாதம் 16ஆம் தேதி டாலஸில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 19 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. மாநிலத்தில் 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் மின்சாரமின்றிக் கிடந்தன. அரசுக் கணக்கின்படி இறந்தவர்கள் 246 பேர். எண்ணற்ற வீடுகளில் சுவருக்குள் குழாய்கள் வெடித்தன. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கும். இரண்டு பக்கமும் அடைபட்ட இடத்தில் உறைந்தால் எது பலவீனமோ அதைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

இதில் நான் எதிர்பாராத ஒன்றையும் கற்றுக்கொண்டேன். கடுங்குளிர்ப் பிரதேசங்களில் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலை. மின்னசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் தண்ணீரையெல்லாம் வடித்து, குழாய்களில் இளஞ்சிவப்புத் திரவத்தைச் செலுத்திப் பூட்டிவிட்டால், வசந்தம் வரும்வரை திறப்பதில்லை. புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த அந்தத் திரவம் எளிதில் உறையாது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைப் போல நஞ்சும் அல்ல. டெக்சாஸிலோ நிலைமை தலைகீழ். ஜூலை, ஆகஸ்டில் 38, 40 பாகை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் யார் தங்குவார்கள்? வெளியே போய்த் தங்குவதற்கு நல்ல காலமே நவம்பர் முதல் மார்ச் வரைதான். அந்த மாதங்களில் பத்து நாள் இதமாக இருக்கும்; ஒரே இரவில் வடகாற்று வந்து எல்லாவற்றையும் உறைய வைக்கும்; மறுபடியும் இதமாகும். ஆகவே நிரப்பு, பயணப்படு, திரும்பி வந்து வடி, மறுபடியும் நிரப்பு என்று ஒரே குளிர்காலத்தில் நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கிறது. வேலை கடினமானதல்ல. ஆனால் பலமுறை செய்யும் வேலையில்தான் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

நவம்பர் நடுவில் இங்க்ஸ் ஏரி மாநிலப் பூங்காவுக்குச் சென்றோம். பர்னெட் என்னும் ஊருக்கு அருகில், கொலராடோ ஆற்றில் அணை கட்டியதால் உண்டான ஏரி அது. கரையெங்கும் இளஞ்சிவப்புப் பாறைகள். ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் பேத்தி தண்ணீரோரம் விளையாடினாள். மாலையில் மருமகள் அவளைத் தூக்கி வந்து, டிரெய்லரின் வெளிச்சுவரில் கையகலக் கதவு ஒன்றைச் சாவியால் திறந்தாள். உள்ளே சிறிய கைக்குழாயும், வெந்நீருக்கும் தண்ணீருக்குமாக இரண்டு திருகுகளும் இருந்தன. குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவி, திருகுகளை மூடி, கதவைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றிரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே இறங்கும் என்றார்கள். மகன் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு, பூங்காக் குழாயோடு இணைத்திருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை உதறிச் சுருட்டினான். கழிவுத் தொட்டியின் வால்வையும் மூடியே வைத்தான். திறந்து விட்டால் சொட்டுச் சொட்டாக வெளிக்குழாயில் இறங்கி அங்கேயே உறைந்துவிடுமாம். நான் இருக்கும் அறைக்கென்று ஒரு மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்திருந்தேன். அதை வேண்டாம் என்றான். "அப்பா, மின்சார ஹீட்டர் நாம் இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கும். அறை சூடாகிவிட்டால் கேஸ் பர்னஸ் தானாக நின்றுவிடும். பர்னஸின் காற்றில் கொஞ்சம் தரைக்கு அடியிலும் போகிறது. அதுதான் தொட்டியையும் குழாயையும் காக்கிறது. நாம் சுகமாகத் தூங்குவோம், கீழே குழாய் உறையும்" என்றான். எல்லா டிரெய்லரிலும் அப்படி அமைப்பு இராது, இதில் இருந்தது. சமையல் தொட்டியின் கீழ் அலமாரிக் கதவுகளையும் வெதுவெதுப்பு உள்ளே போகும்படி திறந்து வைத்தான்.

கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ய பாகையை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். ஆகையால் அங்கே புரொப்பேனை மட்டும் அடைத்துத் தருகிறார்கள். அடுப்பில் அது எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. எங்கள் மூச்சும் சேர்ந்து விடியற்காலையில் ஜன்னலெல்லாம் வியர்த்து வழிந்தது. கூரையிலுள்ள துவாரத்தை விரற்கடை அளவு திறந்து வைத்துத் தூங்கவேண்டும் என்பதை என் தலையணை நனைந்தபிறகே ஏற்றுக்கொண்டேன்.

டிசம்பர் 22, 2022 அன்று பெருங்குளிர் வரும் என்று நான்கைந்து நாள் முன்னதாகவே அறிவித்துவிட்டார்கள். மகன் வேலை நிமித்தமாக வேறு நகரத்துக்குப் போயிருந்தான். ஜனவரியில் மறுபடியும் ஏரிக்குப் போவதாக இருந்ததால், திரவம் செலுத்தாமல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டால் போதும் என்றான். 21ஆம் தேதி சாயங்காலம் நான் அந்த வேலையில் இறங்கினேன். முப்பது வருஷத்துக்கு மேல் குழாயோடு பழகியவனுக்கு இது ஒரு பொருட்டா என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

தொட்டியின் அடைப்பைத் திறந்தேன். நல்ல தண்ணீர், 150 லிட்டர், புல்தரையில் ஓடியது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்குச் சகிக்கவில்லை. வெந்நீர்க் கொதிகலனை முந்தின இரவே அணைத்துவிட்டபடியால் அது ஆறியிருந்தது. அழுத்தத்தை வெளியேற்றி, மரையைக் கழற்றினேன். அதிலிருந்து 23 லிட்டர். வண்டியின் அடியில் மிகத் தாழ்வான இடத்திலுள்ள இரண்டு வடிகுழாய்களையும் திறந்தேன். உள்ளே சமையலறை, குளியலறைக் குழாய்களையெல்லாம் திறந்து வைத்தேன். வடிக்க முடியாத வளைவுக்குழாய்களில் மாத்திரம் இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினேன். இருட்டிவிட்டது, விரல்கள் மரத்துப்போயின. வெளிச்சுவரிலுள்ள கையகலக் கதவு பூட்டியிருந்தது. சாவி மருமகளிடம். கேட்க வேண்டுமானால் வீட்டுக்குள் போய்த் திரும்ப வேண்டும். தாழ்வான வடிகுழாய் திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் எப்படி நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரவு மகன் அழைத்து, எழுதி வைத்திருந்த பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தான். "வெளிக்குழாய்த் திருகுகள் இரண்டையும் திறந்தீர்களா?"

"திறந்தாயிற்று, தம்பி."

கூடத்தில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் காற்று திசை மாறியது. சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போய்விட்டது. 23ஆம் தேதி பகலிலும் ஏறவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து சில நாட்களில் மேல்சட்டை இல்லாமல் வெளியே நிற்கும்படி வெயில் வந்தது.

ஜனவரியில் பயணத்துக்கு முந்தின நாள் தொட்டியை நிரப்பிப் பம்பைப் போட்டோம். எல்லாக் குழாய்களும் மூடியிருந்தால் பம்பு சில நிமிடங்களில் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. இரைந்துகொண்டே இருந்தது. படுக்கைக்குக் கீழே கையை விட்ட மகன் நனைந்த கையோடு எழுந்தான். தரைப்பலகை ஊறிப் பொங்கியிருந்தது. வெளிக்குழாயின் பிளாஸ்டிக் வால்வுதான் பிளந்திருந்தது. பேத்தி தன் சிறிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மகன் யோசித்துப் பார்த்தான். அப்பா தண்ணீரை வடித்துவிட்டார். ஆகவே குளிர் இதை உடைத்திருக்க முடியாது. "நவம்பரில் நீதான் இதைக் கடைசியாக மூடினாய். முறுக்கித் திருகியிருப்பாய், அப்போதே கீறல் விட்டிருக்கிறது" என்று மனைவியிடம் சொன்னான். கடுமையாகத்தான் சொன்னான். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை நம்பி அவன் போட்ட கணக்கு; அதில் பிழையே இல்லை.

உடைந்த வால்வு என் கையில் இருந்தது. முறுக்கியதால் உடைந்தால் மரையைச் சுற்றி உடையும். இது நீளவாக்கில், இரு உதடுகளும் வெளியே பிதுங்கப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து தள்ளியது பனிக்கட்டி என்பதைப் பட்டறையில் முதல் வருஷம் பழகும் பையனும் கண்டுபிடிப்பான். குளிர்பானம் குடிக்கும் குழலின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளேயுள்ளது கீழே விழாது. மேலே திருகு மூடியிருந்தது. காற்று புக வழியில்லை. கீழே வடிகுழாய் திறந்திருந்தும் அங்கே தண்ணீர் நின்றுவிட்டது. இதை நான் அன்றைக்குப் புதிதாக அறிந்துகொள்ளவில்லை. டிசம்பர் 21 அன்றும் அறிந்தேயிருந்தேன்.

வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவர்கள் இருவரும் குழந்தையின் மூலமாக மட்டும் பேசிக்கொண்டார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாவிடம் எனக்குப் பசியில்லை என்று சொல்லு." நடுவில் அமர்ந்து நான் சோறு உண்டேன், அந்த இரண்டு நாள் சோற்றை இன்றைக்கும் நினைக்கக் கூச்சமாயிருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு வால்வை எடுத்து மேஜையின்மேல் வைத்து, "நான் அதைத் திறக்கவில்லை" என்றேன்.

மகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் கழித்து, "இனி நான் பட்டியல் வாசிக்கும்போது வண்டியின் பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள், அப்பா" என்றான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போனான். இருவரும் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, பேச்சுக் கேட்கவில்லை, பிறகு பேச்சும் கேட்டது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் மருமகளிடம் கேட்டேன். "சாவி உன்னிடம்தானே இருந்தது? நான் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியுமே. ஏன் சொல்லவில்லை, அம்மா?"

"சொல்லியிருந்தால், ஊருக்குப் போகும்வரை இந்த வீட்டில் நீங்கள் எப்படி இருப்பீர்கள், மாமா?" என்றாள்.

தரையை நானே செப்பனிட்டேன். பொங்கிய பலகையை அறுத்தெடுத்து, நாள்கணக்கில் மின்விசிறி வைத்து உலர்த்தி, பிளைவுட் தைத்தேன். பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பித்தளை வால்வு பூட்டினேன். பித்தளையும் பனிக்கட்டிக்கு முன் நிற்காது என்பதை மகனிடம் சொல்லியே பூட்டினேன்.

ஜனவரி முடிவில் மறுபடியும் பனி மழை வரும் என்று அறிவிப்பு வந்தது. இந்தமுறை மருமகளும் பேத்தியும் என்னோடு வெளியே வந்தார்கள். தொலைபேசியில் மகன் பட்டியலை வாசித்தான். வெளிக்குழாய் என்று அவன் சொன்னவுடன் மருமகள் சாவியைப் போட்டுத் திறந்தாள்; நான் இரண்டு திருகுகளையும் திருப்பினேன். உள்ளே காற்று இழுபடும் சத்தம் கேட்டது. கைக்குழாயிலிருந்து வழிந்த தண்ணீரைப் பேத்தி தன் பிளாஸ்டிக் தம்ளரில் பிடித்தாள். அரைத் தம்ளர்கூட இல்லை.