இன்றிரவு எங்கே தங்குவது?

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதையில் மகளுடன் பத்து நாள்கள் நடக்க விரும்புகிறாராம். "வரைபடம் கிடைத்துவிட்டது. ஆனால் இரவில் எங்கே தங்குவது? பக்கத்துக் கிளைப்பாதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? நீர் அந்தப் பக்கம் நடந்தவர்தானே" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே தருகிறேன்.

பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது; 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஹந்தானையில் புறப்பட்டு கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று மலைமலையாகச் சென்று, அப்புத்தளை, எல்ல பகுதிகளைச் சுற்றி நுவரெலியாவை அடைகிறது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்க உதவி நிறுவனம் ஆகியவற்றின் ஆதரவுடன் அமைந்த பாதை என்றாலும், புதிதாக வெட்டப்பட்ட பகுதி மிகக் குறைவே. பெரும்பகுதி, தோட்டத் தொழிலாளர் கூடையுடனும் மூட்டையுடனும் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்த தடங்கள்தாம். புதிதாக வந்தவை வழிகாட்டிப் பலகைகள்.

2024 பெப்ரவரியில் நான் மூன்று கட்டங்கள் மட்டும் நடந்தேன். முழங்கால் அதற்குமேல் இடந்தரவில்லை. லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடத்தைப் பார்த்தேன். அவர் அமர்ந்து மலைகளை நோக்கியதாகச் சொல்லப்படும் கல்லாசனமும் அங்கே உண்டு. அந்த 19 ஏக்கரில் மண் கொத்தியவர்களின் பெயர் எதையும் நான் அங்கே காணவில்லை.

மறுநாள் தவலந்தென்னவை நோக்கி நடக்கையில்தான் சிக்கல் நேர்ந்தது. ஒரு கூடார முகாமில் இடம் பதிவு செய்திருந்தேன். பாதையிலிருந்து அரை மைல் தூரமே என்று சொல்லியிருந்தார்கள். அந்த அரை மைல், பறவைக்கு உரியது என்பது பிற்பகல் நான்கு மணிக்குத்தான் விளங்கியது. நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. முகாமின் கூடாரம் எதிர்மலையில் நீலப் புள்ளியாகத் தெரிந்தது. மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.

லயத்தின் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் வழி கேட்டேன்.

"தாளுல கிட்டத்தான் இருக்கும் ஐயா. எறங்கி ஏறுறதுக்குள்ள இருட்டிரும். குறுக்குப் பாதையும் மண்ணு சரிஞ்சு கெடக்கு. வேணாம்" என்றார்.

வேறெங்கேனும் தங்க முடியுமா என்று கேட்டேன். தயங்கினார். அவர் மனைவி அதற்குள் வெறுந்தேநீரும் வெல்லத்துண்டும் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க காம்பராவுல படுங்கன்னு சொல்லலாம் ஐயா. மகன் படுக்குற எடம் இருக்கு. ஆனா வீடு எங்களுது இல்லையே. நாளைக்குத் தொரை கேட்டா என்ன சொல்றது?"

அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் அதே லயத்தில் இருக்கிறது. பாட்டனார் பாதை வெட்டும் வேலையில் இருந்தவராம். மகன் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அன்றிரவு அவர்தான் என்னைப் புசல்லாவையில் ஒரு சிறு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பத்திரிகையாளனாக மலையகக் காணிப் பிரச்சினை பற்றி எத்தனையோ கட்டுரைகளைச் செப்பனிட்டிருக்கிறேன். 1948 இல் குடியுரிமை பறிபோனமை, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானமை, 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றமை எல்லாம் எனக்கு மனப்பாடம். தோட்டம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயமும் அதனுடன் கைமாறியது. அதில் வாழ்ந்தவருக்கு உறுதி கிடைக்கவில்லை. ஆனால் இதன் பொருள், தங்க இடம் தேடி நின்ற அந்த மாலையில்தான் எனக்கு உறைத்தது. பழைய துரைமார் பங்களாக்கள் இன்று விடுதிகளாகி, ஓர் இரவுக்குப் பெருந்தொகை பெறுகின்றன. பாதையை அன்றாடம் மிதிப்பவரோ ஓர் அறையை வாடகைக்கு விட்டு ஐயாயிரம் ரூபா உழைக்க முடியாது. அரசாங்கங்கள் வாக்களித்த ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் சிலருக்குக் கிடைத்துள்ளன, பெரும்பாலோர் காத்திருக்கின்றனர்.

இனி நண்பருக்கான விடயம். இடம் பதிவு செய்யுமுன், பாதையிலிருந்து நடந்துவர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேளுங்கள், தூரத்தைக் கேட்காதீர்கள். தோட்டத்துள் நல்ல இடம் கிடைக்காவிடில், அண்மையிலுள்ள சிறுநகரில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, காலையில் முச்சக்கரவண்டியில் கட்டத்தின் தொடக்கத்துக்குச் சென்று, மாலையில் திரும்புவதே வசதி. கொட்டகலை, அப்புத்தளை, எல்ல ஆகியன இதற்குப் பொருத்தமானவை. தேயிலை மலைக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க வேண்டாம். காணி தோட்டத்துக்கு உரியது. சிறுத்தைகளும் நடமாடும் இடம். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே கூடாரத்தில் தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும்.

கிளைப்பாதைகளில் நான் பரிந்துரைப்பது அப்புத்தளையில் உள்ளது. 1931 இல் கட்டப்பட்டு, பின்னர் பெனடிக்ற் துறவியரின் மடமான ஆதிஷம் பங்களாவின் அருகிலிருந்து, தங்கமலை காப்புவனத்தினூடாக இதல்கஷின்ன பக்கம் செல்லும் காட்டுப்பாதை அது. ஏனைய கிளைகளை வரைபடத்தில் தேடாதீர்கள். கவ்வாத்து வெட்டினாலோ கான் உடைந்தாலோ தடம் மாறிவிடும். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேளுங்கள். எந்தக் குறுக்கு திறந்திருக்கிறது, எது சரிந்திருக்கிறது என்பது அன்றைய தேதிக்கு அவர்களுக்கே தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் புதிய கிளை எதிலும் இறங்காதீர்கள். காலுறைக்குள் அட்டை ஏறும், சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தது. மண்சரிவில் மலைகளே இடம்பெயர்ந்தன. வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டுபட்டன. ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு கட்டமும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது கட்டாயம்.

அந்த வாரத்தில் முச்சக்கரவண்டிக்கார மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான்காம் நாளே இணைப்புக் கிடைத்தது. எல்லோரும் உயிர் தப்பியிருந்தனர். லயத்தின் பின்சுவரோடு மண் வந்து நின்றுவிட்டதாம். தோட்டப் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "தெரியல ஐயா. பள்ளிக்கூடம் தொறந்தா எங்க போறதுன்னுதான் அப்பா யோசிக்கிறாரு" என்றார்.

என் நண்பரின் கேள்விதான். அந்தக் குடும்பத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நண்பருக்கு அந்த இளைஞரின் தொலைபேசி இலக்கத்தை அனுப்பியிருக்கிறேன். வண்டி தேவைப்பட்டால் அவரையே அழைக்கும்படியும், பேரம் பேச வேண்டாம் என்றும் எழுதினேன். இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள், காணி உறுதி ஏதும் கைக்கு வந்ததா என்று விசாரித்து எனக்கு எழுதும்படியும் கேட்டிருக்கிறேன்.