கழுதை எந்தப் பக்கம் போயிற்று?

நம்மிடையே குழந்தைகள் நாடகம் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், ஏன், போன மாதம்கூடப் பள்ளி ஆண்டு விழாவில் பார்த்தோமே என்று பதில் வரும். மை தீட்டிய மீசையும் ஜரிகைத் தலைப்பாகையுமாகக் குழந்தைகளைக் கட்டபொம்மன் என்றும் பாரதியார் என்றும் மேடையில் நிறுத்திவிடுகிறோம். முன்பே பதிவு செய்த குரலுக்கு அவை வாயசைக்கின்றன. கீழே பெற்றோர் தம் குழந்தை வரும் நான்கு நிமிஷங்களுக்காகக் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அந்த நான்கு நிமிஷம் முடிந்ததும் வண்டி கிளம்பும் சப்தம். குடும்பத்தோடு நாடகம் பார்ப்பது என்பதற்கு இன்று நமக்கு வாய்த்திருக்கும் அர்த்தம் இதுதான்.

இந்த வழக்கத்துக்குக் கௌரவமான மூதாதை ஒன்று உண்டு. மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் 1918ல் தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாட்டும் வசனமும் மனப்பாடம், கண்டிப்பு, ஊர் ஊராகப் பிரயாணம். பாய்ஸ் கம்பெனிகள் தமிழ் மேடைக்கும் பின்னால் சினிமாவுக்கும் தந்த நடிகர்களின் பட்டியல் பெரியது. ஆனால் அங்கே குழந்தைகள் ராஜாவாகவும் ராஜகுமாரியாகவும் நடித்தது பெரியவர்கள் பார்ப்பதற்காக. தமிழ் நாடகத்தில் குழந்தைகள் நிறையவே உழைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்காக உழைத்த பெரியவர்களை எண்ணத்தான் விரல்கள் மிஞ்சிப்போகின்றன. யாழ்ப்பாணத்தில் ‘கூடி விளையாடு பாப்பா’ எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கம்தான் 1985ல் ‘மண் சுமந்த மேனியர்’ எழுதினார். முன்னது சில்லறை வேலை, பின்னது பெரிய வேலை என்ற பேதம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. புதுச்சேரியில் வேலு சரவணன் பல வருஷங்களாகக் குழந்தைகள் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறார். நம் விமர்சனம் இவர்களைப் பற்றிப் பேசுவதென்றால் அடிக்குறிப்பில் பேசும்.

சென்ற வருஷம் என் மகள் படிக்கும் பள்ளி மைதானத்தில், நாலே பேர் கொண்ட ஒரு சிறு குழு ஒரு மாலை நாடகம் போட்டது. வேப்ப மரத்தடி. ஒரு பறை, இரண்டு நீலத் துணிகள், பனை ஓலையில் செய்த ஒரு ஜோடிக் காது. குழந்தைகளுக்குத் தரையில் ஜமுக்காளம். பெற்றோருக்குப் பின்னால் நாற்காலி. நான், மனைவி, மகள், என் அம்மா நாலு பேரும் போயிருந்தோம். அம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். கூத்துப் பார்க்கிறவள் நாற்காலியில் உட்காருவாளா என்று முனகிக்கொண்டே போய்ப் பேத்திக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நாடகம் முழுக்க அவர்களுடைய முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கதை இவ்வளவுதான். ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. கழுதைக் காதை வேகவைத்துக் கஷாயம் குடித்தால் தூக்கம் வரும் என்கிறான் அரண்மனை வைத்தியன். ஊரில் இருப்பது ஒரே கழுதை, ஒரு சலவைக்காரக் கிழவியுடையது. சேவகன் தேடி வருகிறான். கழுதை ஓடிவந்து குழந்தைகளுக்கு நடுவில் குந்திக்கொள்கிறது. சேவகன் குழந்தைகளைப் பார்த்துக் கேட்கிறான்: ‘கழுதை எந்தப் பக்கம் போச்சு?’

முந்நூறு குழந்தைகள் ஒரே குரலில் பொய் சொன்னார்கள். கைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் நீண்டன. அந்தப் பொய்யில் ஒரு பிரம்மாண்டமான சந்தோஷம் இருந்தது. கூச்சல் அடங்கின மறு விநாடி என் மகள் எழுந்து நின்று, ‘இல்ல, இங்கதான் இருக்குது’ என்று கழுதையைக் காட்டினாள்.

மைதானம் உறைந்துபோயிற்று. கழுதையாக நடித்தவர் தலையை மெல்லத் தாழ்த்திக்கொண்டார். ஓலைக் காதுகள் தரையைத் தொட்டன. சேவகன் நின்ற இடத்திலேயே நின்றான். எழுதி வைத்த நாடகம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. இனி என்ன நடக்கும் என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நாடகம் என்ற கலையைத் திரைப்படத்திலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த மாதிரி விநாடிகள்தான் என்று பலரும் எழுதியிருக்கிறோம். எழுதினவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு விநாடிக்குள் இருந்திருப்போம் என்று தெரியாது.

அப்போது என் அம்மா கையை ஓங்கி, ‘அந்தக் கொழந்தைக்கு என்னா தெரியும்? கெழக்கால போயிடுச்சி, நான் பார்த்தேன். போ, போ’ என்று சேவகனை அதட்டினாள். ‘பெரியவங்க சொன்னா தட்டக் கூடாது’ என்று அவன் கிழக்கே திரும்பினான். இரண்டடி வைத்தவன் நின்று, என் மகளை ஒரு தரம் பார்த்து, ‘நீ சொன்னது எனக்குக் கேட்டது’ என்பதுபோல லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனான். அவளைப் பரிகாசப் பொருளாக்காமல், அவள் உண்மையை அப்படியே அவளிடம் விட்டுவிட்டுப் போன அந்தத் தலையசைப்பைவிட நல்ல நடிப்பை நான் சமீபத்தில் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் கேட்டாள், ‘ஆயா, நீ பொய்தானே சொன்ன?’

‘கழுத உசுரோட இருக்குதா இல்லியா?’

‘இருக்குது.’

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மாவே சொன்னாள், ‘தர்மராசாவே சொன்னாரு. துரோணர் செத்தது அதாலதான். அது வரைக்கும் மண்ணுல படாம நாலு வெரக்கடை மேல ஓடின தேரு, அன்னிக்கிக் கீழ எறங்கிடுச்சி.’

‘அப்ப ஒன் தேரும் எறங்கிடுச்சா?’

‘எனக்கேது தேரு? நடந்துதான வர்றேன்.’

என் அம்மா செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். திரௌபதை அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம் என்று வளர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கூத்து அங்கே கிடையாது. பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பமே போகும். குழந்தைகள் முன்வரிசையில் கட்டியங்காரனுக்கு மிக அருகில் இருப்பார்கள். இடையில் தூங்கிப்போவார்கள், துச்சாதனன் திரைக்குப் பின்னால் நின்று உறுமும்போது யாராவது எழுப்பிவிடுவார்கள். தூக்கமும் பயமும் சிரிப்புமாக ராத்திரி கழியும். பொய்க்கு ஒரு விலை உண்டென்பதும், சில நேரம் அந்த விலையைக் கொடுத்தே தீரவேண்டும் என்பதும் அவளுக்கு அங்கே கிடைத்தவை. ‘நீதி’ என்று தனியாக எடுத்து யாரும் அவளுக்கு ஊட்டவில்லை. தேர் இறங்கிற்று என்று மட்டும் தெரியும்.

அந்த மைதானத்தில் நடிகனுக்குப் பதில் சொன்னவர்கள் குழந்தைகளும் என் அம்மாவும். நடுவிலிருந்த எங்கள் தலைமுறை வாய் திறக்கவில்லை. சபாவும் சினிமாவும் எங்களை இருட்டில் உட்கார்ந்து மௌனமாக நுகரப் பழக்கியிருக்கின்றன. அதை ரசனை என்றும் நாகரிகம் என்றும் சொல்லிக்கொள்கிறோம். லண்டனில் 1904 டிசம்பர் 27 அன்று ‘பீட்டர் பான்’ முதன்முதலாக மேடையேறியபோது இந்த மௌனத்தைப் பற்றிய பயம் ஜே. எம். பாரிக்கும் இருந்திருக்கிறது. சாகக் கிடக்கும் தேவதை பிழைக்கவேண்டும் என்றால் கைதட்டுங்கள் என்று பீட்டர் பார்வையாளரைக் கேட்கும் இடத்தில் யாரும் தட்டாமல் போய்விட்டால் தட்டும்படி வாத்தியக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். தேவைப்படவில்லை, பெரியவர்கள் நிறைந்த அரங்கமே தட்டிற்று. பெரியவர்களுக்குள்ளும் அது சாகவில்லை, கேட்கப்படாமல் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெர்லினில் 1966ல் தொடங்கி 1972ல் கிரிப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட குழு வேறு திக்கிலிருந்து இதே இடத்துக்கு வந்தது. தேவதைகளை விட்டுவிட்டு, குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் வீட்டையும் பள்ளியையும் அப்பாவையும் மேடையில் வைத்தார்கள். குழந்தை வேஷத்தைப் பெரியவர்களே நடித்தார்கள். 1986ல் மோகன் அகாஷே அதைப் புணேக்குக் கொண்டுவந்தார். மராத்தியில் அது வேர் பிடித்தது. மேடை அப்பாவைப் பார்த்துக் குழந்தை சிரிக்கிறது. பக்கத்திலிருக்கும் நிஜ அப்பாவும் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். வீட்டில் சொல்ல முடியாத ஒன்று அந்தச் சிரிப்பில் இருவருக்கும் நடுவில் கைமாறுகிறது. சேர்ந்து பார்ப்பது என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

எங்கள் மைதானத்தில் நாடகம் முடிந்ததும், விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த ஒரு பெரியவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, எப்போதும் உண்மையே பேசவேண்டும் என்பதுதான் இந்நாடகத்தின் நீதி என்று அறிவித்தார். சற்று முன் பொய் சொன்ன முந்நூறு பேரும் கைதட்டினார்கள். நீதி கேட்கும் பள்ளிகளை நம்பித்தான் இந்த மாதிரிக் குழுக்கள் பிழைக்கவேண்டியிருக்கிறது. சேவகனாக நடித்தவர் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை எழுந்ததும் சிரமமாகப் போயிற்றா என்று கேட்டேன். ‘ஊருக்கு ஒரு குழந்தையாவது உண்மையைச் சொல்லிவிடும் சார். அந்தக் குழந்தைக்காகத்தான் அந்தக் கேள்வியை எடுக்காமல் வைத்திருக்கிறோம்’ என்றார்.

இதை இலக்கியக்காரர்கள் யோசிக்கவேண்டும். தன் படைப்பை நடுவில் உடைத்துவிடக்கூடிய ஒரு வாசகனுக்காக இடம் விட்டு எழுதுகிற துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம் வாசகர்கள் இருநூறு பேர்; அத்தனை பேரும் நாகரிகமானவர்கள்.

மகள் அதற்குப் பிறகு பல நாள் ஓலைக் காது கட்டிக்கொண்டு திரிந்தாள். சில நாள் கழுதை, சில நாள் சேவகன். அந்தக் குழு மறுபடி வந்தால் என்ன சொல்வாய் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அப்பாவுக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடுவாள். அது அவளுக்கும் அந்தச் சேவகனுக்கும் நடுவில் இருக்கும் விஷயம். நாங்கள் கூட உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.