ஐ-10 சாலையில் இரவு மின்சாரம்

அமெரிக்காவின் தென்விளிம்பை ஒட்டி ஓடும் ஐ-10 நெடுஞ்சாலை ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தொடங்கி, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பசிபிக் கடலருகே முடிகிறது. ஏறத்தாழ 3,960 கிலோமீட்டர். குளிர்காலம் நெருங்கினால் மிச்சிகன், ஒஹையோ, கனடாவின் ஒன்டாரியோ எனப் பனி விழும் ஊர்களிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தெற்கே இறங்குவார்கள். மோட்டார்ஹோம், கேம்பர், இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்று வடிவம் பலவாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஆர்வி என்றே அழைக்கிறார்கள். இரவு தங்கும் கேம்ப்கிரவுண்டில் வண்டிக்கு ஒரு கம்பம் உண்டு. அதிலுள்ள பெட்டியில் தடித்த கேபிளைச் செருகிவிட்டால் ஏசி ஓடும், மைக்ரோவேவ் சூடாக்கும், பேட்டரி சார்ஜ் ஆகும். வீட்டில் வாழ்பவர் ஒரே வயரிங்கை முப்பது வருடம் நம்புகிறார். ஆர்வியில் போகிறவர் இன்று ஒன்றை, நாளை வேறொன்றை, யார் இழுத்த வயர் என்றே தெரியாமல் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டுகிற சர்ஜ் புரொடெக்டர் வாங்கப் போனால், அட்டைப்பெட்டியில் கண்ணில் படும்படி அச்சிட்டிருப்பது ஜூல் கணக்கு. கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அதுதான் என்பது என் வாதம்.

ஜூல் கணக்கை முக்கியமாக நினைப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பயணம் தொடங்கும் ஃபுளோரிடா அமெரிக்காவிலேயே மின்னல் அதிகம் விழும் மாநிலங்களில் முன்வரிசையில் நிற்பது. கோடைப் பிற்பகல்களில் இருபுறக் கடற்காற்றும் மோதி இடிமேகம் திரள்கிறது. பக்கத்து மின்கம்பியில் மின்னல் பாய்ந்தால் சில ஆயிரம் வோல்ட் அலை கேம்ப்கிரவுண்ட் வரை ஓடிவரும். அதை விழுங்கத்தான் இந்தக் கருவிக்குள் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கின்றன. சாதாரண வோல்டேஜில் மின்சாரத்தைக் கடத்தாமல் சும்மா இருக்கும் அந்த வில்லை, வோல்டேஜ் எல்லை தாண்டியதும் திறந்துகொண்டு அலையைத் திசைதிருப்பிவிடும். எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பதைத்தான் ஜூல் சொல்கிறது. ஆனால் இந்த அலையின் ஆயுள் மைக்ரோ விநாடிகள். ஒவ்வொரு அடியிலும் வில்லை கொஞ்சம் தேய்கிறது. மின்னல் கம்பத்திலேயே நேராக விழுந்துவிட்டால் எந்த ஜூலும் உதவாது. இடி கேட்டதும் கேபிளைப் பிடுங்குவதுதான் வழி. எல்லாவற்றையும்விட, ஆர்விக்கு நேரும் கெடுதல்களில் பெரும்பாலானவை மைக்ரோ விநாடிகளில் முடிவதில்லை. அவை நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் நடக்கின்றன.

ஏன் என்று புரிந்துகொள்ளக் கம்பத்துப் பெட்டியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வீட்டில் அடுப்புக்கோ துணி உலர்த்திக்கோ மாட்டிய பிளக்கை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. கேம்ப்கிரவுண்ட் சாக்கெட்டிலோ காலையில் ஒருவர் பிடுங்குகிறார், மாலையில் இன்னொருவர் செருகுகிறார், அதுவும் பலநேரம் பிரேக்கரை அணைக்காமலே. உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்கிறது, தொடுமுனை கருகுகிறது, மழையும் எறும்பும் தம் பங்கைச் செய்கின்றன. இப்படித் தளரும் முனைகளில் மிக ஆபத்தானது நியூட்ரல். பெரிய ஆர்விகளுக்கான 50 ஆம்ப் இணைப்பில் நான்கு முனைகள்: 120 வோல்ட் தரும் இரண்டு லைன், ஒரு நியூட்ரல், ஒரு கிரவுண்ட். இரண்டு லைனுக்கும் இடையே 240 வோல்ட். நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் தன் 120 வோல்ட்டோடு நிற்கும். அது விட்டுப்போனால் இரண்டு பக்கத்துச் சாதனங்களும் ஒரே வரிசையில் கோர்க்கப்பட்டு 240 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏசி ஓடும் பக்கத்தில் வோல்டேஜ் விழுகிறது. டிவி மட்டும் ஓடும் பக்கத்தில் அது 200 வரை கூட ஏறிவிடும். தெருவில் நியூட்ரல் அறுந்து ஃபேனும் டிவியும் ஒரே நேரத்தில் புகைந்த சேதி தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதல்ல; அங்கே மூன்று பேஸ், இங்கே இரண்டு லைன், விதி ஒன்றுதான். இந்த நிலையில் வெறும் சர்ஜ் புரொடெக்டர் என்ன செய்யும்? நொடியில் ஒரு சிறு பங்கு வரும் அலைக்காகச் செய்த வில்லையில் விடாமல் 200 வோல்ட் ஏறினால் அது சூடேறிச் சாகும். அதன்பின் மின்சாரம் தடையின்றி உள்ளே போய்க்கொண்டிருக்கும் வாய்ப்பும் உண்டு. பெட்டியில் 4,000 ஜூல் என்று போட்டிருந்தாலும் இதுதான் நிலைமை.

சிறிய ஆர்விகளுக்கான 30 ஆம்ப் இணைப்பில் இரண்டாவது லைன் கிடையாது, அதனால் இந்த ஆபத்தும் இல்லை. அதற்கே உரிய வேறொன்று இருக்கிறது. அந்த மூன்று முனைச் சாக்கெட் 120 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனது. ஆர்வி பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதைத் துணி உலர்த்தியின் 30 ஆம்ப் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் தவறு, குறிப்பாக வீட்டு முற்றத்தில் புதிதாக இணைப்புப் போடும்போது, திரும்பத் திரும்ப நடக்கிறது. வோல்டேஜ் இரட்டித்தால் சூடாக்கும் சாதனத்தில் பாயும் திறன் நான்கு மடங்காகும்.

ஐ-10 டெக்சாஸையும் நியூ மெக்சிகோவையும் கடந்து அரிசோனாவுக்குள் நுழையும்போது கெடுதலின் முகம் மாறுகிறது. ஃபீனிக்ஸில் கோடை வெயில் 43 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஒரு கேம்ப்கிரவுண்டில் நூறு வண்டிகள் நின்றால் பிற்பகல் மூன்று மணிக்கு நூறிலும் ஏசி ஓடும். பழைய கேபிள்கள் அந்தச் சுமையில் திணறி, 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 105, 100 என்று இறங்குகிறது. மோட்டாரின் துவக்க விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 வோல்ட்டில் அது 69 சதவீதம்தான். கம்ப்ரசர் சுழல முடியாமல் முனகும், கூடுதல் ஆம்பியரை இழுக்கும், உள்ளே சுருள் சூடாகும். ஒரே நாளில் எரிந்துவிடாது. பல கோடைகளில் மெல்லமெல்ல வெந்து, ஒருநாள் நிற்கும். அப்போது பழியை எல்லாரும் ஏசியின் வயதின் மேல் போடுவார்கள். இந்தக் கெடுதலுக்கும் ஜூலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஆகவே வாங்க வேண்டியது, கம்பத்தைப் பரிசோதித்து, வோல்டேஜை இடைவிடாமல் கவனித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. சந்தையில் இதை ஈஎம்எஸ் என்கிறார்கள். பரவலாக விற்கும் மாடல்கள் 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே ஏறினாலும் துண்டிக்கின்றன. நியூட்ரல் இல்லை, கிரவுண்ட் இல்லை, லைனும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன என்பவற்றையும் கண்டுபிடித்து மின்சாரத்தை உள்ளே விட மறுக்கின்றன. கிரவுண்ட் சோதனை உயிர் சம்பந்தப்பட்டது. ரப்பர் டயரில் நிற்கும் ஆர்வியின் உலோக உடலில் கசிவு ஏற்பட்டால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடும் குழந்தைதான் அந்தக் கசிவுக்கு வழியாகும். விளக்கெரித்து எச்சரித்துவிட்டு மின்சாரத்தை விட்டுவிடும் நடுத்தர ரகமும் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மழையில் வந்து சேர்ந்தவர் அந்தச் சின்ன விளக்கைக் கூர்ந்து பார்ப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

மூன்று மறுப்புகள் வரும். கேம்ப்கிரவுண்டுகள் விதிப்படி கட்டப்பட்டவைதானே என்பது ஒன்று. அமெரிக்க மின்விதித் தொகுப்பின் 551-ஆம் பிரிவு ஆர்விகளுக்கும் அவை நிற்கும் இடங்களுக்கும் உரியதுதான். ஆனால் கட்டியபோது செய்யும் ஆய்வு பத்தாண்டுத் தேய்மானத்தைச் சொல்லாது. பத்து நிமிடம் மல்டிமீட்டர் பிடித்தால் போதாதா என்பது இன்னொன்று. மல்டிமீட்டர் நல்ல பழக்கம், கைவிட வேண்டாம். ஆனால் மாலையில் 118 காட்டிய கம்பம் மறுநாள் மதியம் 101 காட்டும்போது மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். விலை பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டாம்: ஈஎம்எஸ் சில நூறு டாலர்; கூரை ஏசி ஒன்றை மாற்றினாலே கூலியோடு ஆயிரம் டாலரைத் தாண்டும்.

கம்பத்தில் தொங்கவிடுவதா, வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்துவதா என்பதில் என் சாய்வு சொந்த வண்டிக்கு உள்ளே பொருத்துவதன் பக்கம். திருட்டுப் பயமில்லை, மழையில் நனையாது, மாட்ட மறக்கவும் முடியாது. வாடகை வண்டிக்கும், அடிக்கடி வண்டி மாற்றுபவருக்கும் தொங்குவதே சரி. எதுவானாலும் கம்பத்தின் ஆம்பியரை வைத்தல்ல, வண்டியின் ஆம்பியரை வைத்து வாங்க வேண்டும்; 50 ஆம்ப் வண்டி அடாப்டர் போட்டு 30 ஆம்ப் கம்பத்தில் நின்றாலும் 50 ஆம்ப் கருவியே போதுமானபடி வேலை செய்யும். வில்லைத் தொகுதியை மட்டும் தனியே மாற்ற முடிகிற மாடலாக இருந்தால் ஃபுளோரிடாவின் ஒரு கெட்ட கோடைக்குப் பின் முழுக் கருவியையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. அரிசோனாவின் குவார்ட்சைட் போன்ற பாலைநிலத்தில் கம்பமே இல்லாமல் கையடக்க ஜெனரேட்டரோடு நிற்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைக்க வேண்டும்: அவற்றில் பலவற்றில் நியூட்ரலும் கிரவுண்டும் இணைக்கப்பட்டிருக்காது, ஈஎம்எஸ் அதைக் கிரவுண்ட் இல்லை என்று படித்து மின்சாரத்தை மறுக்கும். இதற்கென்றே இரண்டையும் இணைக்கும் சிறு பிளக் கிடைக்கிறது. ஜெனரேட்டரில் மட்டும் மாட்டவேண்டியது அது.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கும் மறுப்பு ஒன்றுண்டு. நாயை ஏசியில் விட்டுவிட்டு வெளியே போகிறவர்கள் ஏராளம். டூசானில் ஒரு மதியம் வோல்டேஜ் 103-க்கு இறங்கி, கருவி துண்டித்துவிட்டால், பூட்டிய வண்டி சீக்கிரமே அடுப்பாகிவிடும். ஏசி கெட்டாலும் பரவாயில்லை, ஓடியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் 103 வோல்ட்டில் திணறும் கம்ப்ரசர் தானே நின்றுவிடவும் கூடும். பிரேக்கர் விழுந்தாலும் அதே கதிதான். அதனால் வோல்டேஜ் மீண்டதும் இரண்டு நிமிடம்போலப் பொறுத்து, கம்ப்ரசரின் அழுத்தம் சமனான பிறகு தானாகவே இணைப்பைத் தரும் மாடலைத்தான் வாங்க வேண்டும். அதோடு, செல்போன் சிக்னல் வழியாக உள்வெப்பநிலையைச் சொல்லும் தனி மானி ஒன்றையும், பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து, வண்டிக்குள் வைத்துவிட்டே கதவைப் பூட்ட வேண்டும்.